ரொட்டி வடிவ வாக்குத்தத்தப் பெட்டி: வாங்கலாமா?

எந்தக் கிறிஸ்தவப் புத்தகக் கடைக்குள் நுழைந்தாலும் கல்லாவுக்குப் பக்கத்தில் இது இருக்கும். பிளாஸ்டிக்கில் செய்த ஒரு சின்ன ரொட்டி, அதன் முதுகில் ஒரு பள்ளம், பள்ளத்தில் நெருக்கமாகச் செருகிய வண்ண அட்டைகள், அட்டைக்கு ஒரு வாக்குத்தத்தம், அதாவது கடவுளின் வாக்குறுதியைச் சொல்கிற ஒரு பைபிள் வசனம். தினம் ஒன்றை உருவி வாசித்து, ஜெபித்துவிட்டு, திரும்பச் செருகிவிட வேண்டும், அவ்வளவுதான். நான் வாங்கியது 240 ரூபாய். பேரம் பேசியிருந்தால் இருநூறுக்கு இறங்கியிருக்கும், ஆனால் வசனப் பெட்டிக்குப் போய்ப் பேரமா என்று கூட வந்த அத்தை (மாமியார்) முழங்கையால் இடித்துவிட்டார்கள். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் பார்த்த வரையில் இந்த ரொட்டிகள் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான், ஸ்டிக்கர்தான் வேறு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாமான் தரம் சுமார், வசனத் தேர்வு ஒருதலைப்பட்சம், ஆனாலும் வாங்கலாம், அதோடு ஒரு பேனாவும் கொஞ்சம் வெற்று அட்டையும் வாங்க வேண்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் சாமான். மூடி கிடையாது, அதனால் தூசி படியும், பல்லி எச்சமும் விழும், மேலே ஒரு துணியைப் போட்டு வைப்பது நல்லது. அட்டைகள் ரோஸ், மஞ்சள், பச்சை, நீலம் என்று நாலு நிறம், ஈரக் கையோடு தொட்டால் ரோஸ் மட்டும் விரலில் ஒட்டுகிறது. எழுத்து சின்னது. அத்தை கண்ணாடி போட்டும் கையை நீட்டிப் பிடித்துத்தான் வாசிக்கிறார்கள். பின்பக்கம் இரண்டு வரி ஜெபம் அச்சடித்திருக்கிறார்கள், அது இன்னும் சின்ன எழுத்து. வசனம் எல்லாம் நாம் சின்ன வயதிலிருந்து மனப்பாடம் செய்த பழைய மொழிபெயர்ப்புதான், அதில் குறையில்லை. பிழை திருத்துவதில்தான் அலட்சியம். 'கர்த்தரைத் தேடுகிறவர்களுக்கோ ஒரு நன்மையுங்குறைவுபடாது' என்று ஒரு அட்டை, கீழே சங்கீதம் 43:10 என்று போட்டிருக்கிறது. நாற்பத்து மூன்றாம் சங்கீதத்தில் மொத்தமே ஐந்து வசனம். அது 34:10, எண்ணைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். ஞாயிறு பள்ளிக்குப் போகிற பிள்ளை கண்டுபிடித்துவிடும், எங்கள் வீட்டிலும் சின்னவள்தான் கண்டுபிடித்தாள்.

ரொட்டி வடிவம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தில் வருகிற அன்றாட ஆகாரத்தை மனதில் வைத்துத்தான். வெள்ளைக்காரர் நாட்டு ரொட்டியை அப்படியே அச்சில் வார்த்திருக்கிறார்கள், நம் ஊர்ப்பக்கம் ரொட்டி காய்ச்சல்காரர்களுக்கு வாங்குவது. ஒரு இட்லிக் கொப்பரை வடிவில் யாராவது செய்தால் முதல் ஆளாக நான் வாங்குவேன்.

இனி புழக்கம். எங்கள் வீட்டில் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, ஒரு வேதபாகம், அப்புறம் பெட்டி சுற்றி வரும், ஆளுக்கு ஒரு அட்டை. வாசித்தவர் தன் தேவை ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று அத்தை ஒரு சட்டம் போட்டார்கள், இந்தப் பெட்டியின் உண்மையான லாபம் அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. முன்பெல்லாம் எங்கள் ஜெபம் ஆலயத்தில் ஐயர் (போதகர்) செய்கிற ஜெபத்தைப் போலவே இருக்கும்: தேசத்துக்காக, தலைவர்களுக்காக, மிஷனரிகளுக்காக, வியாதியஸ்தருக்காக. நல்ல ஜெபம்தான். ஆனால் கேஸ் சிலிண்டர் தீரப்போகிறது என்று யாரும் அதில் சொல்வதில்லை. அட்டை வந்தபிறகு பெரியவன், ஷூ பிய்ந்துவிட்டது என்றான். என் வீட்டுக்காரர், இந்த மாதம் ஸ்கூட்டர் டியூ கட்ட முடியுமா தெரியவில்லை என்று பிள்ளைகள் முன்னால் முதல் முறையாகச் சொன்னார். எனக்கும் அப்போதுதான் தெரியும். கடவுளிடம் சொல்கிற சாக்கில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம் என்று யாராவது கிண்டல் செய்யலாம். செய்யட்டும். 'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்' என்று கற்றுக்கொடுத்தவர் ஷூவையும் டியூவையும் அற்பம் என்று தள்ளுவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது சட்டம், ஒரு முறைதான் எடுக்கலாம். பிள்ளைகள் நல்ல அட்டை வருகிற வரைக்கும் உருவிக்கொண்டே இருப்பார்கள், பெரியவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. புதுவருஷ ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்துவிட்டு, இது எனக்குச் சரியில்லை, மாற்றித் தாருங்கள் என்று கேட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். அப்புறம் அதற்கும் கிளி ஜோசியத்துக்கும் என்ன வித்தியாசம்?

இந்த ஆபத்து பெட்டியோடு கூடவே பிறந்தது என்று நினைக்கிறேன். வசனத்தைச் சீட்டாக எடுக்கிற பழக்கம் ஜெர்மனியின் பக்தி இயக்கத்துக்காரர்களிடம் ரொம்பப் பழசு. ஹெர்ன்ஹூட்டில் இருந்த மொராவிய சபையார் 1728 முதல் நாளுக்கொரு வசனம் கொடுத்தார்கள், 1731-லிருந்து அதைப் புத்தகமாகவே அச்சடித்தார்கள், இன்றும் வருஷா வருஷம் வருகிறது. அதே மக்கள் கல்யாணத்துக்குக்கூடச் சீட்டுப் போட்டுப் பார்த்த காலமும் உண்டு. அவர்களுக்கு முன்பே, 1718-ல், போகாட்ஸ்கி என்பவர் தேவ பிள்ளைகளுக்கான பொக்கிஷப் பெட்டி என்ற பொருளில் பெயர் வைத்து ஒரு வசனத் தொகுப்பு வெளியிட்டார். அவர் ஹாலே நகரத்தில் படித்தவர். தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கும் அந்த ஹாலே வட்டத்து ஆள்தான். ஆகவே இந்த ரொட்டிப் பெட்டி நமக்கு முற்றிலும் அந்நியம் இல்லை, தூரத்துச் சொந்தம்.

சரி, பெரிய குறைக்கு வருகிறேன். வசனத் தேர்வு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லா அட்டைகளையும் பாயில் பரப்பி வாசித்துப் பார்த்தேன். மேலாவாய், பெருகுவாய், தலையாவாய், சுதந்தரிப்பாய். உபாகமம் 28-ஆம் அதிகாரத்திலிருந்து மட்டும் ஒரு கைப்பிடி அட்டை. 'கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்' இருக்கிறது. அந்த அதிகாரத்தின் முதல் வசனத்தில், கர்த்தரின் சத்தத்துக்கு உண்மையாய்ச் செவிகொடுப்பாயானால் என்று ஒரு நிபந்தனை வருகிறதே, அது எந்த அட்டையிலும் இல்லை. அறுபத்தெட்டு வசனம் உள்ள அதிகாரத்தில் ஆசீர்வாதம் பதினாலாம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது, மிச்சமெல்லாம் கேட்காவிட்டால் என்ன நடக்கும் என்பதுதான். சாபத்தை அட்டையில் போட்டு விற்க முடியாது, புரிகிறது. ஆனால் அந்த 'செவிகொடுப்பாயானால்' என்பதையாவது விட்டு வைத்திருக்கலாம்.

எரேமியா 29:11-ம் அப்படித்தான். அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே என்பது எல்லோருக்கும் பிடித்த வசனம், எனக்கும் பிடிக்கும். அது பாபிலோனுக்குச் சிறையாகப் போன ஜனத்துக்கு எழுதிய கடிதம். முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் ஆகும் என்று சொல்லியிருக்கிறது. கடிதம் கேட்டவர்களில் பாதிப்பேர் ஊர் திரும்பிப் பார்க்கவே போவதில்லை. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்றும் அதே கடிதம் சொல்கிறது. இதெல்லாம் தெரிந்து அந்த அட்டையை எடுப்பது ஒன்று, நாளைக்கே இன்டர்வியூ ரிசல்ட் வந்துவிடும் என்று எடுப்பது வேறு.

அடுத்தது பிலிப்பியர் 4:19. நம் ஆட்களின் வரவேற்பறையில் எங்கு பார்த்தாலும் தொங்குகிற வசனம். 'என் தேவன் தம்முடைய ஐசுவரியத்தின்படி உங்கள் குறைவையெல்லாம் கிறிஸ்து இயேசுவுக்குள் மகிமையிலே நிறைவாக்குவார்.' பவுல் இதை யாருக்கு எழுதினார் என்று மேலே நாலு வசனம் வாசித்தால் தெரியும். காவலில் இருந்த அவருக்கு எப்பாப்பிரோதீத்து கையில் உதவி கொடுத்தனுப்பிய சபைக்கு எழுதினார். தெசலோனிக்கேயில் இருந்தபோதும் இரண்டொரு தரம் அனுப்பினீர்களே என்று நினைவுபடுத்துகிறார். பக்கத்து ஆளின் குறைவுக்குத் தங்கள் கையிலிருந்து கொடுத்தவர்களைப் பார்த்து, உங்கள் குறைவைத் தேவன் பார்த்துக்கொள்வார் என்கிறார். அட்டையில் அந்தக் கொடுத்த கை இல்லை, வாங்குகிற கை மட்டும்தான் இருக்கிறது. அதற்குச் சற்று முன்னால், பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் போதிக்கப்பட்டேன் என்று அவர் தன்னைப்பற்றிச் சொல்கிற வரி உண்டு. அதுவும் அட்டையில் வராது, யார் வாங்குவார்கள்?

இது வெறும் படிப்பாளிக் குறை இல்லை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் தெருவில் பீடி சுற்றுகிற ஒரு அக்கா வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு வருவார்கள். வீட்டுக்காரர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். விரல் நுனியெல்லாம் புகையிலைத் தூள் ஏறிப் பழுப்பாக இருக்கும், அட்டையை உருவும்போது ஓரத்தை மட்டும் பிடித்து உருவுவார்கள், அழுக்காகிவிடுமாம். ஒரு வெள்ளிக்கிழமை அவர்களுக்கு வந்த அட்டை: 'நீ அநேகம் ஜாதிகளுக்குக் கடன் கொடுப்பாய், நீயோ கடன் வாங்காதிருப்பாய்.' மறுநாள் காலையில் அவர்களுக்குக் குழு லோன் தவணை. அந்த வாரம் இலை சரியில்லை என்று கம்பெனியில் நிறையக் கழித்துவிட்டார்கள், கூலி பாதிகூட வரவில்லை. அக்கா அட்டையை இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சிரித்தார்கள். "கர்த்தருக்கு நம்ம குழுக்காரி சங்கதி தெரியும் போல, அட்டை அடிச்சவனுக்குத்தான் தெரியல" என்றார்கள். எல்லோரும் சிரித்தோம், அப்புறம் ஒருத்தரும் ஒன்றும் பேசவில்லை.

ஜெபம் முடிந்து செருப்பு போடுகிற இடத்தில் எங்கள் மைனி (அண்ணி) அவர்களை ஓரமாகக் கூப்பிட்டார். மைனிக்கு அந்த வாரம்தான் சீட்டு விழுந்திருந்தது. "இந்தா வச்சுக்கோ அக்கா, முடியும்போது குடு, இல்லன்னாலும் பரவாயில்ல" என்று கொடுத்தார். ஜெபம் செய்துகொண்டிருந்த நேரம் முழுக்க அந்தப் பணம் மைனியின் பையில்தான் இருந்திருக்கிறது, அக்காவுக்கு ஒரு முழம் தள்ளி.

இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஜார்ஜ் முல்லருக்கும் இதே மாதிரி ஒன்று நடந்திருக்கிறது. தேவைகளுக்காகத் தேவனை மட்டுமே நம்புவது என்றாலே நம் சபைகளில் அவரைத்தான் உதாரணம் சொல்வார்கள். 1830-லேயே சம்பளம் வேண்டாம் என்று விட்டவர், யாரிடமும் பணம் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டு 1836-ல் அனாதைப் பிள்ளைகளுக்கு வீடு தொடங்கினார். 1898-ல் இறப்பதற்குள் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அந்த வீடுகளில் வளர்ந்தார்கள். 1838 செப்டம்பரில் ஒரு நாள் கையில் எதுவுமே இல்லாமல் இருந்தபோது, லண்டன் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்மணி தன் மகள் கொடுத்தனுப்பிய காணிக்கையைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் ஊருக்கு வந்து சில நாள் ஆகியிருந்தது, தங்கியிருந்ததே பிள்ளைகள் வீட்டுக்கு அடுத்த வாசலில். இத்தனை நாள் பணம் இவ்வளவு பக்கத்தில் இருந்ததே, முதலிலிருந்தே உதவ வேண்டும் என்று தேவன் நினைத்திருந்ததற்கு இது அத்தாட்சி என்று முல்லர் தன் குறிப்பில் எழுதினார்.

அந்த அனாதை வீடு தொடங்கிய கதையிலும் ஒரு வாக்குத்தத்த வசனம் இருக்கிறது. 1835 டிசம்பரில் 'உன் வாயை விரிவாய்த் திற, நான் அதை நிரப்புவேன்' என்ற சங்கீதம் 81:10 அவர் கண்ணில் பட்டது. என் பெட்டியிலும் அந்த அட்டை இருக்கிறது, பச்சை நிறம். பின்பக்கத்து ஜெபம், என் வியாபாரத்தையும் என் வீட்டையும் நிரப்பும் என்று போகிறது. முல்லர் அதை வாசித்துவிட்டு ஒரு வீடும் ஆயிரம் பவுண்டு பணமும் வேலைக்குத் தகுந்த ஆட்களும் கேட்டார், மூன்றும் யார் பெற்ற பிள்ளைகளுக்கோ. ஒரே வசனம்தான்.

முல்லர் கேட்கவே இல்லை என்பதிலும் சிலர் குறை சொல்வதுண்டு. வருஷா வருஷம் வரவு செலவு அறிக்கை அச்சடித்தாரே, அதுவே ஒரு விண்ணப்பம்தானே என்பார்கள். நியாயமான கேள்வி. அவருக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும், 1841 கடைசியில் பணம் ரொம்பவும் வற்றியிருந்த நேரத்தில் அறிக்கையையும் கூட்டத்தையும் வேண்டுமென்றே தள்ளிப்போட்டார். நமக்குப் பக்கத்தில் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் பணத்துக்காக மனுஷரிடம் கை நீட்டுவதில்லை என்றே பிள்ளைகளை வளர்த்தார்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு, ஜெப உதவிக்குக் கடிதம் எழுதினால் பதிலோடு காணிக்கைக் கவரையும் வைத்து அனுப்புகிற ஊழியங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். பெயர் வேண்டாம். ஒரு தடவை பெரியவனின் பரீட்சைக்காக ஜெபிக்கச் சொல்லி எழுதியதற்கு, இன்றுவரை மாதம் ஒரு கவர் வருகிறது, அவன் காலேஜே முடிக்கப்போகிறான். அந்த விஷயத்தில் இந்த ரொட்டி தங்கம். 240 ரூபாய்க்கு மேல் ஒரு பைசா கேட்காது.

மற்ற சாமான்களோடு ஒப்பிட்டால்? தினசரி கிழிக்கிற வசனக் காலண்டர் இதைவிட மலிவு, எழுத்தும் பெரிது, தேதியும் தெரியும், ஆனால் கிழித்த தாள் பால் பாத்திரத்துக்கு அடியில் போய்விடுகிறது. வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ படத்தோடு வருகிற வசனத்தைப்பற்றிப் பேச ஒன்றுமில்லை, யாரும் வாசிப்பதில்லை, அனுப்புகிறவர் உட்பட. ஜெப டைரி நல்ல சாமான், கேட்ட தேதி, பதில் கிடைத்த தேதி என்று இரண்டு கட்டம் போட்டது கிடைக்கிறது. தனியாக ஜெபிக்கிறவர்களுக்கு நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன். குடும்பமாக உட்காருகிறவர்களுக்கு, குறிப்பாகப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளும் கண் மங்கிய பெரியவர்களும் சேர்ந்து இருக்கிற வீட்டுக்கு, ரொட்டிதான் சரி, ஏனென்றால் பிள்ளை வாசிக்கும், பெரியவர் விளக்கம் சொல்வார், நடுவில் நாம் ரசத்தைச் சூடு பண்ணிக்கொண்டு வந்துவிடலாம்.

பேனாவும் வெற்று அட்டையும் வாங்கச் சொன்னேனே, அது இதற்குத்தான். கல்யாணப் பத்திரிகைகளின் வெள்ளைப் பக்கத்தை அதே அளவுக்கு வெட்டி, விடுபட்ட வசனங்களை நாங்களே எழுதிச் செருகிவிட்டோம். அகலத்தில் ஒரு நூல் குறைத்து வெட்டுங்கள், பள்ளம் இறுக்கம். முதலில் எழுதியது நீதிமொழிகள் 30-ல் ஆகூரின் ஜெபம்: 'தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக', 'என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்.' இரண்டாவது யாக்கோபு 2:15-16. ஆகாரமில்லாத சகோதரனைப் பார்த்து, சமாதானத்தோடே போங்கள், பசியாறுங்கள் என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்பினால் பிரயோஜனமென்ன என்று கேட்கிறாரே, அது. மூன்றாவது, பஞ்ச காலத்தில் கடைசி மாவில் எலியா தீர்க்கதரிசிக்கு அடை சுட்டுக் கொடுத்த சாறிபாத் விதவையின் கதை. அது முழுவதும் ஒரு அட்டையில் அடங்காததால், 'பானையிலே மா செலவழிந்துபோகவும் இல்லை' என்ற வசனத்துக்குக் கீழே, முதல் அடையை எலியாவுக்குக் கொடுத்தபிறகு என்று சின்னவள் தன் கையெழுத்தில் சேர்த்திருக்கிறாள். அட்டைக்கு இரண்டு பக்கமும் எழுதலாம், ஜெபம் அவரவர் சொந்தமாகச் செய்துகொள்ளட்டும்.

இதில் ஒரு சிக்கல், எழுதிய அட்டைகள் வெள்ளையாக இருப்பதால் பிள்ளைகள் தூரத்திலிருந்தே கண்டுபிடித்து, யாக்கோபு வந்துவிடக் கூடாது என்று வண்ண அட்டைகளாகப் பார்த்து எடுக்கிறார்கள். ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் நிறம் அடித்துவிடுங்கள்.

வாங்குகிறவர்களுக்கு: கவர் பிரிக்காமல் வாங்காதீர்கள், கடையிலேயே பிரித்து அட்டைகளை எண்ணச் சொல்லுங்கள், என் பெட்டியில் ஒரே அட்டை இரண்டு மூன்று தடவை வந்திருந்தது. பரிசாகக் கொடுப்பதாக இருந்தால் மரத்தில் செய்த பெட்டியும் கிடைக்கிறது, விலை கூடுதல், உள்ளே இருப்பது அதே அட்டைகள்தான். மாற்று அட்டைகள் தனியாக விற்கிறார்களா என்று கேட்டுப் பார்த்தேன், என் கடைக்காரர் இல்லை என்றார், புதுப் பெட்டிதான் வாங்க வேண்டுமாம்.